வீட்டிலேயே செய்யலாம் சோயா மனோகரம்

சம்பா அறுவடை நெருங்கும்போது தாராசுரம் பக்கத்து வயல்களில் அடுத்து எதை விதைப்பது என்ற கேள்வியே எழுவதில்லை. உளுந்து, இல்லாவிட்டால் பச்சைப்பயறு. அறுவடைக்குச் சில நாட்கள் முன்னதாகவே, நிற்கும் கதிர்களுக்கு இடையே ஈரத்தில் விதையைத் தூவிவிடுவார்கள். நெல்லை அறுத்தெடுத்ததும் முளைத்த உளுந்து வெளிச்சத்தைப் பார்க்கும். பனியிலும் மிச்ச ஈரத்திலுமே வளர்ந்து பங்குனியில் வீடு வந்து சேரும். செலவு குறைவு, பாடும் குறைவு.

இந்த வழக்கத்துக்கு இடையே சோயா மொச்சையும் வந்து பார்த்தது. கும்பகோணத்துக்குக் கிழக்கே ஆடுதுறையில் 1922ல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் நெல்லுக்குப் பெயர் போனது. அந்த நிலையமே நெல் தரிசுக்கு ஏற்றதென்று 'ஆடுதுறை 1' என்ற சோயா இரகத்தையும் தந்திருக்கிறது. இருந்தும் உளுந்து பிடித்து வைத்திருக்கும் இடத்தைச் சோயாவால் பிடிக்க முடியவில்லை. சந்தை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடுக்களையில் இருக்கிறது. உளுந்து விலை இறங்கினால் குடியானவர் கவலைப்படுவார், ஆனால் இடிந்து போக மாட்டார். இட்லிக்கு ஆகும், வடைக்கு ஆகும், அப்பளத்துக்கு ஆகும், மிச்சம் சம்பந்தி வீட்டுக்குப் போகும். சோயா விலை இறங்கினால் மூட்டை திண்ணை மூலையில் கிடக்கும். வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். கடைசியில் மாட்டுத் தவிட்டோடு சேரும்.

100 கிராம் சோயாவில் சுமார் 36 முதல் 40 கிராம் வரை புரதம் இருக்கிறது. உளுந்தில் 24 கிராம் அளவுதான். எண்ணெய்ச் சத்தும் நூற்றுக்கு 20 பங்கு உண்டு. மூன்று வேளையும் அரிசியே உண்ணும் காவிரிப் படுகைக்கு இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்து சோயாவில் நிறைய. சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் ஓரளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இத்தனை இருந்தும் வீட்டார் ஒதுக்குகிறார்கள் என்றால், அவர்கள் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

குறைகள் இரண்டு. 'பச்சை வாடை அடிக்கிறது' என்பது ஒன்று. 'வயிற்றைப் பொருமுகிறது' என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். இரண்டுமே சோயாவைப் பக்குவம் செய்யும் முறையில் ஒரு படியைத் தாண்டிப் போய்விடுவதால் பெரும்பாலும் வருபவை.

பெயரால் வந்த குழப்பம்

மொச்சை என்ற பெயரே தாய்மார்களைத் தவறான வழியில் கொண்டுபோய் விடுகிறது. மொச்சையைப் போல இரவில் ஊறப்போட்டுக் காலையில் குழம்பில் போடுகிறார்கள். அல்லது நிலக்கடலையைப் போலப் பச்சையாகவே வாணலியில் போட்டு வறுக்கிறார்கள். சோயா மொச்சையும் அல்ல, கடலையும் அல்ல. அதற்கென்று தனிக் குணம் உண்டு.

முதலில் வாடை. முழுப் பருப்பாக, உலர்ந்து இருக்கும்வரை சோயாவில் வாடை கிடையாது. பருப்பு உடைந்து அதில் தண்ணீர் படும்போது, அதிலுள்ள ஒரு நொதி அதன் எண்ணெயைத் தாக்குகிறது. அப்போதுதான் அந்தப் பச்சை வாடை பிறக்கிறது. குளிர்ந்த நீரில் ஊறவைத்து அரைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நொதி சூட்டுக்குத் தாங்காது. தளதளவென்று கொதிக்கும் நீரில் பருப்பை நேரே போட்டால், அது வேலையைத் தொடங்குமுன்பே அடங்கிவிடும்.

அடுத்தது வயிறு. சாப்பிட்ட புரதத்தைச் செரிக்க நம் உடலில் ட்ரிப்சின் என்ற சுரப்பு உண்டு. பச்சைச் சோயாவில் அந்தச் சுரப்பின் கையைக் கட்டிப்போடும் பொருள் ஒன்று இருக்கிறது. 1917ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளுக்குச் சோயாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைச் சோயா தின்ற எலிகள் சரியாக வளரவில்லை. வேகவைத்த சோயா தின்றவை நன்றாக வளர்ந்தன. அந்தக் கெட்ட குணத்தை ஈரச்சூடு, அதாவது தண்ணீரோடு சேர்ந்த சூடு, நன்றாகப் போக்கும். வெறும் வறுவலில் வெளியே கருகும், உள்ளே பச்சை நிற்கும். கொல்லையில் கோழி வளர்ப்போரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்; பச்சைச் சோயாவை உடைத்துப் போட்டால் குஞ்சுகள் தேறாது.

இவற்றோடு, எளிதில் செரிக்காத சில சர்க்கரைப் பொருள்களும் சோயாவில் உண்டு. அவை பெருங்குடலுக்குப் போய் வாயுவாகின்றன. வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் இவற்றில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். ஆகவே சோயா வெந்த தண்ணீரை 'சத்து போகிறதே' என்று ரசத்தில் ஊற்ற வேண்டாம்.

நம் நாட்டில் இதையெல்லாம் வீட்டு அடுப்பில் சோதித்துப் பார்த்தவர்களில் காந்தியடிகளும் ஒருவர். 1935ல் வார்தாவில் மகன்வாடியில் தங்கியிருந்தபோது அங்கிருந்தோர் உணவில் சோயாவைச் சேர்த்து, அது பற்றி 'ஹரிஜன்' இதழிலும் எழுதினார். ஏழைக்குக் குறைந்த விலையில் சத்து கிடைக்குமா என்பதே அவருடைய கேள்வி. ருசியைப் பற்றி மகன்வாடியில் அதிகம் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். தஞ்சை மாவட்டத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ருசி இல்லாத பண்டத்தை இங்கே இலையில் வைத்தால் அது இலையிலேயே கிடக்கும்.

மீல்மேக்கர் சாப்பிட்டிருக்கிறோமே, அதுவும் சோயாதானே என்று கேட்கலாம். சோயாதான். ஆனால் எண்ணெயைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சும் மாவை ஆலையில் சூட்டோடு அழுத்திச் செய்வது அது. விளைந்த பருப்பை வீட்டில் பக்குவம் செய்வது வேறு வேலை.

பாகு நமக்குப் புதிதல்ல

காவிரிக் கரையில் கல்யாண வீடுகளில் மனோகரம் செய்வார்கள். தேன்குழலை உடைத்துப் போட்டு, முற்றிய வெல்லப்பாகில் புரட்டி, பருப்புத் தேங்காய்க் கூட்டில் அடைத்து வைப்பார்கள். அந்தப் பாகு கைவந்தவர்களுக்குச் சோயா ஒரு பெரிய காரியமே அல்ல. தேன்குழல் இருக்கும் இடத்தில் வறுத்த சோயா; ஏலக்காய் மட்டும் இருக்கும் இடத்தில் மிளகாய், சுக்கு, மிளகு. அவ்வளவுதான் மாற்றம். இனிப்பும் காரமும் ஒரே வாயில் சேரும்போது கை தானாக அடுத்ததற்குப் போகும். டப்பாவை எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சோயாவுக்கு இனிப்பும் காரமும் பொருந்தும் என்பதைக் கண்டவர்கள் நாம் மட்டும் அல்ல. ஜாவாத் தீவில் வேகவைத்த சோயாவில் ஒருவகைப் பூசணத்தை வளரவிட்டுக் கட்டியாக்கி, தெம்பே என்று வழங்குகிறார்கள். அதைக் குச்சி குச்சியாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்து, பனை இன வெல்லம், மிளகாய், புளி மூன்றும் சேர்த்துப் புரட்டி வைப்பார்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய் வந்த நம் மாவட்டத்தாரில் சிலருக்கு அதன் ருசி தெரிந்திருக்கும். அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். இங்கே சொல்லப்படுவது டப்பாவில் போட்டு வைத்துக் கொறிப்பதற்கு.

வேண்டிய பொருள்கள்

உலர்ந்த மஞ்சள் சோயா அரைக் கிலோ. வெல்லம் 200 கிராம். வரமிளகாய் எட்டு முதல் பத்து. சுக்கு ஒரு விரற்கடை அளவு. மிளகு ஒரு தேக்கரண்டி. உப்பு ஒரு தேக்கரண்டி. பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. கறிவேப்பிலை இரண்டு கொத்து. சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. வறுத்த அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி. கையில் தடவச் சிறிது நெய் அல்லது நல்லெண்ணெய். எண்ணெயில் பொரிப்பதானால் அதற்குத் தனியாகக் கடலை எண்ணெய்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாபநாசம் வட்டத்தில் வீரமாங்குடிப் பக்கம் காய்ச்சும் அச்சு வெல்லம் இதற்கு நன்றாக ஒத்துவரும். எந்த வெல்லமானாலும் பிசுபிசுப்பு இல்லாமல், உடைத்தால் கட்டியாக உடைய வேண்டும். இளகிய வெல்லத்தில் பாகு வைத்தால் எவ்வளவு காய்ச்சினாலும் பண்டம் கையில் ஒட்டும்.

சோயாவைத் தட்டில் பரப்பிப் பொறுக்க வேண்டும். உடைந்தது, சுருங்கியது, பச்சை நிறமாக நிற்பது, பூசணம் படிந்தது எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும். இன்னொன்று மிக முக்கியம். விதைத்தது போக மிஞ்சிய விதையை, மருந்து கலந்ததை, எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதையைப் பத்துத் தண்ணீரில் கழுவினாலும் நஞ்சு போகாது. விதை மூட்டையும் தின்னும் மூட்டையும் ஒரே அறையில் கிடக்கும் வீடுகளில் இதைப் பெரியவர்கள் தாமே கவனித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கொதிநீர்

அகன்ற பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். நன்றாகக் கொதிக்கும்போது சமையல் சோடாவைப் போட்டு, ஊறவைக்காத சோயாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதி அடங்காதபடி போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் ஆறிவிடும். வாடையை அடக்கும் வேலை நடக்காது. சோடா அளவுக்கு மிஞ்சினால் சவுக்காரம் போலக் கசக்கும். அரைத் தேக்கரண்டியே போதும்.

மீண்டும் கொதி வந்ததிலிருந்து 25 முதல் 30 நிமிடம் வேக வேண்டும். சோயா மிகவும் நுரைக்கும். ஆகையால் பாத்திரத்தை மூடாமல் பக்கத்தில் நின்று கிளறிக் கொடுக்க வேண்டும். விறகு மிச்சம், கேஸ் மிச்சம் என்று குக்கரில் வைப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நுரையோடு கழன்ற தோல் ஆவி போகும் துவாரத்தில் அடைத்துக்கொண்டால் ஆபத்து. இதற்குத் திறந்த பாத்திரமே நல்லது.

பதம் பார்ப்பது எப்படி? ஒன்றை எடுத்து விரலில் அழுத்தினால் மேலே நசுங்கி உள்ளே சற்று உறுதியாக நிற்க வேண்டும். வாயில் போட்டால் பச்சைப் பயற்றின் நாற்றம் இருக்கக் கூடாது. வெந்த கடலையை நினைவூட்டும் ருசி வந்திருந்தால் சரி. குழைய விட்டால் பின்னால் வறுக்கும்போது பொடியாகும்.

தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டுக் கைகளால் தேய்த்தால் தோல் கழன்று மேலே மிதக்கும். அதைச் சாய்த்து ஊற்றிவிடலாம். தோலை மாட்டுக்குப் போடலாம், வீணாகாது. பருப்பு இரண்டாகப் பிளந்துபோனாலும் பாதகமில்லை. பிளந்த பருப்பில் பாகு நன்றாகப் பிடிக்கும்.

வறுப்பதில் இரண்டு வழி

அவசரத்துக்கு எண்ணெய் வழி. தோல் நீக்கிய சோயாவை வேட்டித் துணியில் பரப்பி நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்த வேண்டும். மேலே ஈரம் துளியும் இருக்கக் கூடாது; இருந்தால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழியும். மிதமான தீயில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, சலசலப்பு அடங்கிப் பொன்னிறம் வரும்வரை பொரிக்க வேண்டும். இதற்கு எட்டுப் பத்து நிமிடம் பிடிக்கும். சோயாவில் தன் எண்ணெயே இருப்பதால் வெளியே எடுத்த பிறகும் நிறம் ஏறிக்கொண்டே போகும். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பாகவே எடுத்துவிட வேண்டும்.

நிதானமாகச் செய்பவர்களுக்கு வெயிலும் மணலும். சிறு விவசாயி வீட்டுக்கு இதுவே ஏற்றது. எண்ணெய்ச் செலவு இல்லை, பண்டமும் எண்ணெயில் பொரித்ததைவிட அதிக நாள் கெடாமல் நிற்கும். வேகவைத்துத் தோல் நீக்கிய சோயாவை மாசி வெயிலில் இரண்டு நாள் காயவைக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடையும் அளவுக்குக் காய வேண்டும். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை வறுத்தால் மணல் ஒட்டிக்கொண்டு பல்லில் நறநறக்கும்.

கனத்த இரும்பு வாணலியில் சலித்துக் கழுவிக் காயவைத்த மணலைப் போட்டுச் சூடேற்ற வேண்டும். மணல் கிடைக்காத வீட்டில் கல் உப்பையே போட்டு வறுக்கலாம். திரும்பத் திரும்ப உபயோகப்படும். சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாலு நெல்மணியைப் போட்டுப் பார்த்தால் போதும். நெல் படபடவென்று பொரிந்தால் சூடு வந்துவிட்டது. உடனே தீயைக் குறைத்துச் சோயாவை ஒரு கைப்பிடி போட்டு விடாமல் கிளற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் மாறி வறுபட்ட மணம் வரும். சல்லடையில் கொட்டிச் சலித்துவிடலாம்.

சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்துவிட்டு 'இன்னும் மெத்தென்று இருக்கிறதே' என்று மறுபடி வாணலியில் போடுகிறவர்கள் உண்டு. அப்படித்தான் பலபேர் கருக்கிவிடுகிறார்கள். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். முதல் கைப்பிடியை எடுத்து ஆறவிட்டு, அதைக் கடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு மிச்சத்தை வறுப்பது புத்திசாலித்தனம்.

காரமும் பாகும்

வரமிளகாயைச் சிறிது உப்போடு எண்ணெய் இல்லாமல் வறுத்து, மிளகு, சுக்கு, பெருங்காயம், மிச்ச உப்பு சேர்த்து இடிக்க வேண்டும். மைபோலப் பொடிக்க வேண்டியதில்லை. சற்றுக் கொரகொரப்பாக இருந்தால் நாக்கில் அங்கங்கே தட்டுப்படும். பொடியை இரண்டு பங்காக வைத்துக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலையைத் தனியே மொறுமொறுப்பாகப் பொரித்து வைக்கலாம். பூண்டு மணம் வேண்டும் என்பவர்கள் அதையும் மெல்லியதாக நறுக்கி ஈரம் போகப் பொரித்துச் சேர்க்கலாம். பச்சைப் பூண்டை நசுக்கிப் போட்டால் பாகு இளகும்.

வெல்லத்தைத் தட்டி அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் வடிகட்ட வேண்டும். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் வடிகட்டச் சொன்னது ஏன் என்று புரியும். மீண்டும் அடுப்பில் ஏற்றிக் காய்ச்ச வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் சொட்டு கரைந்து போகும். பிறகு அடியில் படிந்து, உருட்டினால் மெழுகு போல உருளும். அது அதிரசத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. இன்னும் காய்ந்தால், உருட்டிய பாகைத் தட்டில் போடும்போது 'டங்'கென்று கல் விழும் ஓசை கேட்கும். அதுதான் பதம். அதைத் தாண்டி அரை நிமிடம் விட்டாலும் கசக்கத் தொடங்கும்.

பாகுக்குப் பதம் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பொடியில் ஒரு பங்கைக் கலக்க வேண்டும். அடுப்பின் மேல் வைத்தே போட்டால் கார நெடியில் வீடே இருமும். கையோடு வறுத்த சோயாவைக் கொட்டிக் கிளற வேண்டும். சோயா இளஞ்சூடாக இருப்பது நல்லது. சில்லென்று ஆறிய பருப்பைப் போட்டால் பாகு அங்கங்கே கட்டியாக உறைந்துவிடும். பாதிப் பருப்பு பாகு பிடிக்காமல் வெறுமனே நிற்கும். நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, மேலே வறுத்த அரிசி மாவைத் தூவி, கையில் நெய் தடவிக்கொண்டு உதிர்த்துவிட வேண்டும். சூடு பொறுக்காவிட்டால் இரண்டு கரண்டிகளால் பிரிக்கலாம். ஈரப்பசை முழுவதும் போவதற்குள் மீதிப் பொடியையும் கறிவேப்பிலையையும் தூவிப் புரட்ட வேண்டும். மேலே தூவிய காரம் முதலில் நாக்கைத் தொடும், கடித்ததும் வெல்லம் வரும், கடைசியில் சோயா. எல்லாப் பொடியையும் பாகிலேயே போட்டுவிட்டால் இந்த மாறுபாடு கிடைக்காது.

புளி சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்காமல் இருப்பதே மேல். வெல்லப்பாகில் புளிப்புச் சேர்ந்தால் அது இறுகாமல் பிசின் போல நிற்கும். ஜாவாக்காரர்களுடைய பண்டம் சற்றுப் பிசுபிசுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சோற்றுக்கு அது சரி, டப்பாவுக்குச் சரிப்படாது.

பாகு பதம் தப்பிப் பண்டம் ஒட்டிக்கொண்டால் கொட்டிவிட வேண்டியதில்லை. மொத்தத்தையும் வாணலியில் போட்டு, மிகக் குறைந்த தீயில் கைவிடாமல் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் பாகு முற்றி உதிரியாகிவிடும். கருகவிட்டதற்குத்தான் மாற்று கிடையாது.

நாட்படும்போது

வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்தால் மறுநாளே நசநசக்கும். செய்யத்தான் வேண்டுமென்றால் வெல்லத்தில் பாதியைக் குறைத்துச் சீனி சேர்த்தால் ஓரளவு தாங்கும். மாசி முதல் ஆனி வரையிலான வறண்ட நாட்களே இதற்கு ஏற்ற காலம். நன்றாக ஆறிய பிறகு, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்குள் தின்று முடிக்கிற அளவுக்குச் செய்தால் போதும். சோயா எண்ணெய் காற்றுப் பட்டால் சிக்குப் பிடிக்கும் தன்மை உள்ளது. வெயில் படும் கண்ணாடிப் புட்டியில் அழகாக வைத்தால் சீக்கிரமே கெடும்.

அரிசிப் பொரியோடு கலந்து தின்பது தனி ருசி. நாலு பங்கு பொரிக்கு ஒரு பங்கு சோயா என்றால், காரம் அடங்கும், வயிறும் நிறையும், முன்னே சொன்ன அரிசியும் சோயாவும் சேர்ந்த சத்தும் கிடைக்கும். கொடிக்காலில் காலையிலிருந்து வெற்றிலை கிள்ளுபவர்களுக்கும், தறியில் குனிந்தபடி உட்கார்ந்திருக்கும் நெசவாளிகளுக்கும் பதினோரு மணிக்கு ஒரு டீயோடு இது நல்ல துணை. வடையும் போண்டாவும் கேட்கிற எண்ணெய் இதற்கு வேண்டாம்.

சத்து என்பதற்காக அளவு மீற வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடி போதும். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் அரைக் கைப்பிடியோடு நிறுத்தி, வயிறு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் பாகு இல்லாமல் காரம் மட்டும் புரட்டியதைச் சாப்பிடலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரை போட்ட வேளையில் சோயாவைத் தொடாமல், சில மணி நேரம் விட்டுச் சாப்பிட வேண்டும். மருந்து உடலில் சேர்வதைச் சோயா குறைக்கும். சிலருக்குச் சோயா ஒவ்வாது. உதடு தடித்தாலோ தடிப்பு எழும்பினாலோ உடனே நிறுத்தி வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

சிறு குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஜப்பானில் பிப்ரவரித் தொடக்கத்தில் செட்சுபுன் என்ற நாளில், தீமை விலகட்டும் என்று வறுத்த சோயாவை வாசலில் இறைத்துவிட்டு, தம் வயதுக்குத் தக்க எண்ணிக்கையில் எடுத்துத் தின்பது வழக்கம். அத்தனை பழக்கமுள்ள அந்த நாட்டிலேயே, 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இந்தக் கெட்டிப் பருப்பைக் கொடுக்க வேண்டாம் என்று அரசு எச்சரிக்கிறது. மூச்சுக் குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சோயாவை வறுத்துப் பொடித்து, வெல்லத்தோடு சத்துமாவில் கலந்து கொடுக்கலாம். அந்தப் பொடிக்கும் வேகவைத்து உலர்த்திய சோயாதான் வேண்டும்.

வரப்பில் நாலு செடி

இத்தனையும் படித்துவிட்டு, ஐந்து ஏக்கர் தரிசிலும் சோயா விதைக்கலாமா என்று யாரும் கிளம்ப வேண்டாம். வாங்குபவர் யார், என்ன விலை என்று முன்கூட்டியே தெரியாத வரையில் தரிசு உளுந்துக்கே இருக்கட்டும். வீட்டுத் தேவைக்கு மேட்டுப்பாங்கான வரப்பும் கொல்லை ஓரமும் போதும். முளைக்கும் சமயத்தில் தண்ணீர் தேங்கினால் சோயா அழுகிவிடும் என்பதால் தாழ்ந்த வரப்பு உதவாது.

விதையில் ஒரு சிக்கல் உண்டு. சோயா விதையின் முளைப்புத் திறன் சில மாதங்களிலேயே விழுந்துவிடும். உளுந்தைப் போல வருடம் முழுவதும் குதிரில் வைத்திருந்து விதைக்க முடியாது. மளிகைக் கடையில் வாங்கியதை விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று வருந்திப் பயனில்லை. எந்த விதையானாலும் 100 பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, நாலைந்து நாளில் எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு விதைக்க வேண்டும்.

உளுந்துக்குக் கலக்கும் ரைசோபியம் சோயாவின் வேருக்குப் பிடிக்காது. அதற்கென்று உள்ள தனி இனத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையின் மேல் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். விதையை ஒரு அங்குல ஆழத்துக்கு மேல் ஊன்றக் கூடாது. இலை பழுத்து உதிர்ந்து, காய் வைக்கோல் நிறமானதும் காலை வேளையில் அறுக்க வேண்டும். உச்சி வெயிலில் அறுத்தால் காய் வெடித்துப் பருப்பு வரப்பிலேயே சிதறும். சோயாவின் தோல் மெல்லியது. நெல்லை அடிப்பது போல ஓங்கி அடித்தால் பருப்பு உடையும். உடைந்த பருப்பு விதைக்கும் ஆகாது, அந்த வாடைச் சங்கதியால் வாணலிக்கும் ஆகாது.

மகளிர் குழுவாகச் சேர்ந்து செய்து விற்க நினைப்பவர்களுக்குத் தாராசுரத்தில் இடம் இருக்கிறது. இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமானதிலிருந்து வெளியூர் ஆட்களும் வெளிநாட்டாரும் வருகிறார்கள். காய்கறிச் சந்தைக்கு நாள்தோறும் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். 50 கிராம் பொட்டலம் கையில் எடுத்துப் போக வசதியானது. ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தின் மேல் செய்த தேதி, எடை, சேர்ந்த பொருள்கள் எல்லாம் அச்சிட வேண்டும். சோயா ஒவ்வாதவர்கள் தெரிந்துகொள்ளும்படி 'இதில் சோயா உள்ளது' என்பதையும் குறிப்பிட வேண்டும்.

உணவு பதப்படுத்தலில் பயிற்சி வேண்டுவோர் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். நெல் பதனிடுவதற்கென்று ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, பின்னர் எல்லாப் பயிர்களையும் எடுத்துக்கொண்ட நிறுவனம் அது. போகும்போது கையில் நூறு கிராம் சரக்கு எடுத்துப் போனால், ஈரப்பதம் எவ்வளவு, எந்தப் பை தாங்கும் என்பதை நேரில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.